வாகைகுளத்தில் வெளிநாட்டு விமானம் இறங்குமா?

ரூ.450 கோடிக்கு மேல் செலவழித்து நிலையம் தயார். கயத்தாறு ஓடுதளம் சொல்லும் பாடம் என்ன?

கயத்தாறு என்றதும் எல்லோருக்கும் கட்டபொம்மன் நினைவுதான் வரும். 1799-ம் ஆண்டு அக்டோபர் 16-ந் தேதி வெள்ளைக்காரன் அவரைப் புளிய மரத்தில் தூக்கில் போட்ட ஊர் இது. நடிகர் சிவாஜி கணேசன் சொந்தப் பணத்தில் நிலம் வாங்கி சிலை வைத்த ஊர். பஸ்சில் போகிறவர்கள் தலையை வெளியே நீட்டி அந்தச் சிலையைப் பார்க்காமல் போவது இல்லை.

ஆனால் இதே ஊரில் இன்னொரு பழைய சின்னம் இருக்கிறது. அதை யாரும் எட்டிப் பார்ப்பது இல்லை.

அது ஒரு விமான ஓடுதளம். 2-வது உலகப் போர் நேரத்தில் வெள்ளைக்கார சர்க்கார் போட்டது. உளுந்தூர்பேட்டை, சோழவரம், செட்டிநாடு ஆகிய இடங்களில் போட்டது போல கயத்தாறிலும் போட்டார்கள். சண்டை முடிந்தது. விமானம் வருவதும் நின்றது. இன்று கயத்தாறைச் சுற்றி வானத்தில் சுழல்வது விமானத்தின் விசிறி அல்ல, காற்றாலையின் இறக்கைதான். காற்றாலை எந்திரங்களைச் சோதித்துப் பார்க்கும் மத்திய அரசு நிலையமும் இங்கேதான் இருக்கிறது.

ஓடுதளம் இருந்தும் விமானம் இல்லை. இதுதான் கயத்தாறு கதை.

இந்தக் கதையை இப்போது எதற்குச் சொல்ல வேண்டும்? காரணம் இருக்கிறது. கயத்தாறிலிருந்து ஒரு மணி நேர கார் பயணத்தில் வாகைகுளம் இருக்கிறது. தூத்துக்குடி விமான நிலையம் அங்கேதான். 2025-ம் ஆண்டு ஜூலை 26-ந் தேதி பிரதமர் மோடி அங்கே புதிய முனையத்தைத் திறந்து வைத்தார். மாலத்தீவுக்குப் போய்விட்டு நேராக தூத்துக்குடி வந்து இறங்கி திறந்தார். அன்று முதல் டீக்கடை பேச்சு ஒன்றுதான்.

"ஏ அண்ணாச்சி, கொழும்புக்கு எப்போ பிளேன்?"

நியாயமான கேள்வி. ஆனால் பதில் அவ்வளவு லேசு இல்லை.

1992 முதல் இன்று வரை

வாகைகுளம் நிலையம் 1992-ல் திறக்கப்பட்டது. ஓடுதளத்தின் நீளம் வெறும் 1,350 மீட்டர். சின்ன ரக விமானம் மட்டுமே இறங்கலாம். ஆரம்பத்தில் விமானம் வந்தது. பிறகு நின்றது. பல வருஷம் காவல்காரரும் பூட்டும்தான் காவல்.

2006-ல் ஏர் டெக்கான் கம்பெனி சிறு விமானம் விட்டது. ஊரே திரண்டு வேடிக்கை பார்த்தது. அந்தக் கம்பெனியை கிங்பிஷர் வாங்கியது. 2012-ல் கிங்பிஷர் நொடித்துப் போனது. அதன் பிறகு ஸ்பைஸ்ஜெட் வந்தது. அடுத்து இண்டிகோ வந்தது. சென்னைக்கும் பெங்களூருக்கும் இறக்கையில் விசிறி சுழலும் 70, 80 சீட் விமானங்கள் ஓடின.

கம்பெனி வரும், கம்பெனி போகும். நிலையம் மட்டும் நிற்கும். 30 வருஷத்தில் வாகைகுளம் கண்டது இதைத்தான்.

சென்னைக்கு அடுத்து இதுதான் நீளம்!

இப்போது நிலைமை வேறு. மாநில அரசு சுமார் 600 ஏக்கர் நிலத்தை எடுத்து விமான நிலைய ஆணையத்திடம் கொடுத்தது. 1,350 மீட்டர் ஓடுதளம் 3,115 மீட்டராக நீண்டது. அகலம் 30 மீட்டரிலிருந்து 45 மீட்டர் ஆனது.

இந்த 3,115 மீட்டர் எவ்வளவு பெரிது? மற்ற ஊரோடு ஒப்பிட்டால் புரியும். மதுரையில் ஓடுதளம் சுமார் 2,285 மீட்டர். திருச்சியில் சுமார் 2,480 மீட்டர். கோவையில் சுமார் 2,990 மீட்டர். அதாவது தமிழ்நாட்டுப் பயணிகள் விமான நிலையங்களில் சென்னைக்கு அடுத்த நீளம் வாகைகுளத்துக்குத்தான்.

புதிய முனையத்தின் பரப்பு 17,340 சதுர மீட்டர். நெருக்கடி நேரத்தில் ஒரு மணிக்கு 1,350 பேர் வந்து போகலாம். வருஷத்துக்கு 20 லட்சம் பேர். பிற்பாடு 25 லட்சம் வரை கூட்டிக்கொள்ளலாம். ஏ-321 ரக பெரிய விமானங்கள் வந்து நிற்க இடம் போட்டிருக்கிறார்கள்.

இங்கே ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்க்க வேண்டும். 20 லட்சத்தை 365 நாளால் வகுத்தால் ஒரு நாளைக்கு சுமார் 5,480 பேர். 75 சீட் விமானம் ஒன்று ஆள் நிரம்பி வந்து, ஆள் நிரம்பிப் போனால் 150 பேர். அப்படியானால் இந்த நிலையம் நிரம்ப தினமும் 36 தடவை விமானம் வந்து திரும்ப வேண்டும். 180 சீட் விமானம் என்றால் 15 தடவை.

தூத்துக்குடியிலிருந்து சென்னைக்கும் பெங்களூருக்கும் மட்டும் அத்தனை பேரை எங்கே தேடுவது? அதனால்தான் "வெளிநாடு" என்ற பேச்சு வருகிறது. வெறும் பெருமைக்காக வந்த பேச்சு அல்ல. போட்ட பணம் வீணாகாமல் இருக்க வேண்டும் என்ற கணக்கும் அதில் இருக்கிறது.

போர்டு மாட்டினால் போதுமா?

"சர்வதேச விமான நிலையம்" என்று போர்டு எழுதி மாட்டிவிட்டால் வெளிநாட்டு விமானம் வந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். அது தப்பு.

வாகைகுளம் இன்று உள்நாட்டு விமான நிலையம்தான். வெளிநாட்டு விமானம் வர நான்கு கதவு திறக்க வேண்டும்.

முதல் கதவு சுங்கம். 1962-ம் ஆண்டு சுங்கச் சட்டப்படி "இது சுங்க விமான நிலையம்" என்று மத்திய அரசு அறிவிக்க வேண்டும். அந்த அறிவிப்பு இல்லாமல் வெளிநாட்டிலிருந்து வந்த ஒரு பெட்டியைக்கூட இறக்க முடியாது.

இரண்டாவது கதவு குடியேற்றம். பாஸ்போர்ட்டில் முத்திரை குத்தும் அதிகாரிகள் வேண்டும். இது உள்துறை இலாகா வேலை.

மூன்றாவது கதவு சுகாதாரச் சோதனை. நோய் நொடி உள்ளே வராமல் பார்க்கும் டாக்டர்கள் வேண்டும். செடி, கொடி, பிராணிகள் வந்தால் அதற்குத் தனி சோதனை.

நான்காவது கதவு ஒப்பந்தம். எந்த நாட்டு விமானம் எந்த ஊரில் இறங்கலாம், வாரத்துக்கு எத்தனை சீட் என்று இரண்டு நாட்டு அரசுகளும் பேசி முடிக்க வேண்டும்.

நான்கில் ஒன்று பூட்டியிருந்தாலும் விமானம் வராது. மூன்று கதவு ஆபீஸ் வேலை. உத்தரவு போட்டு ஆள் போட்டால் முடிந்தது. நான்காவது கதவுதான் டெல்லி விவகாரம்.

கண்ணூர் படும் பாடு

இதற்கு உதாரணம் பக்கத்து மாநிலத்திலேயே இருக்கிறது.

கேரளாவில் கண்ணூர் சர்வதேச விமான நிலையம் 2018-ம் ஆண்டு டிசம்பர் 9-ந் தேதி திறக்கப்பட்டது. ஓடுதளம் 3,050 மீட்டர். சுங்கம் உண்டு. பாஸ்போர்ட் அதிகாரி உண்டு. வளைகுடாவில் வேலை பார்க்கும் மலபார்க்காரர்கள் லட்சக்கணக்கில் உண்டு. பெயரிலேயே "சர்வதேசம்" உண்டு.

ஆனால் திறந்து பல வருஷம் ஆகியும் வெளிநாட்டு கம்பெனி விமானங்கள் அங்கே பயணிகளை ஏற்றி இறக்க அனுமதி கிடைக்காமல் அவஸ்தைப்பட்டார்கள். பெரு நகரம் அல்லாத ஊர்களுக்குப் புதிதாக அந்த அனுமதி தருவது இல்லை என்பது டெல்லியின் கொள்கை. இந்தியக் கம்பெனிகள் மட்டும் வளைகுடாவுக்கு விட்டன.

இதில் தூத்துக்குடிக்கு ஒரு செய்தி ஒளிந்திருக்கிறது. வெளிநாட்டு கம்பெனிக்குத்தான் அந்தத் தடை. இந்தியக் கம்பெனிக்கு அந்தத் தடை இல்லை. ஆகவே தூத்துக்குடிக்காரர்கள் வெளிநாட்டு கம்பெனியை எதிர்பார்த்து உட்கார வேண்டியது இல்லை. இந்தியக் கம்பெனி ஒன்றைப் பிடித்தாலே ஆரம்பித்துவிடலாம். அதற்கு முதல் மூன்று கதவு திறந்தால் போதும்.

உத்தரபிரதேசத்தில் குஷிநகர் கதை இன்னும் வேடிக்கை. புத்தர் மறைந்த ஊர். 2021-ம் ஆண்டு அக்டோபர் 20-ந் தேதி சர்வதேச விமான நிலையம் என்று திறந்தார்கள். முதல் விமானம் கொழும்பிலிருந்து வந்தது. புத்த பிக்குகள் இறங்கினார்கள். பேப்பரில் போட்டோ வந்தது. அதற்குப் பிறகு வெளிநாட்டு விமானம் அங்கே தொடர்ந்து வரவில்லை. திறப்பு விழா நடந்தது. தினசரி விமானம் நடக்கவில்லை.

சென்னையைவிட கொழும்பு பக்கம்

சரி, தூத்துக்குடிக்கு எந்த ஊர் ஏற்றது? வரைபடத்தை விரித்தால் பள்ளிக்கூடப் பையனும் சொல்லிவிடுவான்.

வாகைகுளத்திலிருந்து சென்னைக்கு ஆகாய மார்க்கம் 500 கிலோ மீட்டருக்கு மேல். கொழும்புக்கோ அதில் பாதிதான். விமானம் மேலே ஏறி சமன் ஆவதற்குள் இறங்க ஆரம்பிக்க வேண்டும்!

இது புது உறவும் அல்ல. முத்துக்குளிக்கும் காலத்திலிருந்தே இந்தக் கரையும் அந்தக் கரையும் ஒரே கடலில் பிழைத்தவை. சென்னையிலிருந்து ரெயிலில் வந்து, தூத்துக்குடியில் கப்பல் ஏறி கொழும்பு போவதுதான் அந்தக் காலத்து வழி. 1906-ல் வ.உ.சிதம்பரம் பிள்ளை சுதேசி கப்பல் கம்பெனி தொடங்கியதே இந்த தூத்துக்குடி-கொழும்பு மார்க்கத்துக்காகத்தான். வெள்ளைக்காரன் கம்பெனி அந்த மார்க்கத்தில் கொள்ளை லாபம் அடித்தது. அவன் வயிற்றெரிச்சலுக்குக் காரணமும் அதுதான். 1914-ல் பாம்பன் பாலம் வந்ததும் ரெயிலும் கப்பலும் தனுஷ்கோடி பக்கம் திரும்பிவிட்டன.

97 வருஷம் கழித்து 2011-ம் ஆண்டு ஜூன் 13-ந் தேதி தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்கு மறுபடி பயணிகள் கப்பல் விட்டார்கள். "ஸ்கோசியா பிரின்ஸ்" என்று பெயர். ஆயிரம் பேர் போகும் கப்பல். மேளதாளம், மாலை எல்லாம் நடந்தது. நவம்பரில் கப்பல் நின்றுவிட்டது. ஆள் சேரவில்லை.

நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு 2023-ம் ஆண்டு அக்டோபரில் விட்ட கப்பலும் சில நாளிலேயே நின்றது. அடுத்த வருஷம் ஆகஸ்டில்தான் மறுபடி கிளம்பியது.

இதிலிருந்து தெரிவது என்ன? தூரம் கிட்டத்தில் இருப்பது மட்டும் போதாது. ஆயிரம் பேர் கப்பலை முதல் நாளே விட்டால் காலியாகப் போகும். சின்னதாக ஆரம்பித்து நாள் தவறாமல் ஓட்டினால்தான் ஜனங்களுக்கு நம்பிக்கை வரும்.

பலாலி ஜெயித்தது, மத்தல தோற்றது

இலங்கையிலேயே இரண்டு விமான நிலையங்கள் இதற்கு சாட்சி சொல்கின்றன.

ஒன்று யாழ்ப்பாணம் பலாலி. ஓடுதளம் சுமார் 1,400 மீட்டர். பழைய வாகைகுளம் மாதிரிதான். 2019-ம் ஆண்டு அக்டோபர் 17-ந் தேதி அதை சர்வதேச விமான நிலையமாகத் திறந்தார்கள். சென்னையிலிருந்து அலையன்ஸ் ஏர் சிறு விமானம் போனது. கொரோனாவில் நின்றது. 2022-ம் ஆண்டு டிசம்பரில் மறுபடி தொடங்கியது. 2024-ம் ஆண்டு செப்டம்பரில் இண்டிகோவும் சேர்ந்துகொண்டது. இரண்டு பக்கமும் சொந்தபந்தம் உண்டு. கோவிலுக்கும் வைத்தியத்துக்கும் வியாபாரத்துக்கும் போக ஆள் உண்டு. அதனால் ஓடுகிறது.

இன்னொன்று மத்தல. தெற்கு இலங்கையில் அம்பாந்தோட்டை பக்கம். கடற்கரை, யானைக் காடு, சரணாலயம் எல்லாம் உள்ள டூரிஸ்டு பிரதேசம். 2013-ம் ஆண்டு மார்ச் மாதம் திறந்தார்கள். ஓடுதளம் 3,500 மீட்டர். வருஷத்துக்கு 10 லட்சம் பேர் வரலாம். செலவு சுமார் 21 கோடி டாலர். அதில் பெரும் பகுதி சீனா கொடுத்த கடன்.

விமானம் வந்ததா? ஆரம்பத்தில் சில கம்பெனிகள் வந்தன. ஒவ்வொன்றாகக் கழன்றுகொண்டன. 2015-ல் அங்கே உள்ள சரக்குக் கிடங்கில் நெல் மூட்டையை அடுக்கினார்கள். 2016-ல் ஓடுதளத்தில் புகுந்த மான், எருமை, யானைகளை விரட்ட 300-க்கும் மேற்பட்ட போலீசாரையும் ராணுவத்தாரையும் இறக்கினார்கள். "உலகிலேயே காலியான சர்வதேச விமான நிலையம்" என்று பேர் வாங்கியதுதான் மிச்சம்.

பலாலிக்கு ஓடுதளம் சின்னது, ஆள் இருந்தது. மத்தலவுக்கு ஓடுதளம் பெரிது; ஆள் இல்லை. வாகைகுளத்துக்கு இப்போது மத்தல மாதிரி ஓடுதளம் கிடைத்துவிட்டது. பலாலி மாதிரி ஆள் இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

ஆள் இருக்கிறது, வேறு ஊர் போகிறது!

ஆள் இல்லாமல் இல்லை. நெல்லை, தூத்துக்குடி, தென்காசி மாவட்டங்களில் தெருவுக்கு நாலு பேர் வளைகுடாவில் இருக்கிறார்கள். காயல்பட்டினம், மேலப்பாளையம் பக்கம் கேட்கவே வேண்டாம். இவர்கள் லீவில் வரும்போது எங்கே இறங்குகிறார்கள்? திருவனந்தபுரத்தில் அல்லது மதுரையில். இல்லாவிட்டால் சென்னையில்.

ஒருவர் துபாய் போக, வீட்டு ஜனம் அத்தனையும் வேன் பிடித்து திருவனந்தபுரம் போய் வழியனுப்பிவிட்டு வரும். வேன் வாடகை, சாப்பாட்டுச் செலவு, ஒரு நாள் கூலி நஷ்டம். இதையெல்லாம் யாரும் டிக்கெட் விலையில் சேர்த்துப் பார்ப்பது இல்லை.

மாலத்தீவு இன்னொன்று. தூத்துக்குடி தோணிகள் அங்கே காய்கறியும் கட்டட சாமானும் ஏற்றிப் போவது பழைய தொழில். சரக்கு தூத்துக்குடியிலிருந்து போகிறது. ஆள் போக வேண்டும் என்றால் வேறு ஊருக்கு ஓட வேண்டியிருக்கிறது.

துறைமுகத்தையும் பார்க்க வேண்டும். கப்பலில் வேலை பார்க்கும் மாலுமிகள் ஒப்பந்தம் முடிந்து இறங்குவதும், புது ஆட்கள் ஏறுவதும் துறைமுகத்தில் வழக்கமாக நடக்கும் காரியம். அவர்களுக்கு விமானம் வேண்டும்.

சரக்கு விஷயம் தனி. உறைய வைத்த இறாலும் மீனும் கன்டெய்னரில் கப்பல் ஏறிவிடும். ஆனால் உயிர் நண்டும் சிங்கி இறாலும் கப்பலில் போனால் பிழைக்காது. விமானத்தில்தான் போக வேண்டும். தோவாளைப் பூவும் அப்படித்தான். அது திருவனந்தபுரம் வழியாக வெளிநாடு போகிறது. காலையில் பறித்த பூ சாயங்காலம் வாடும். லாரியில் போகும் ஒவ்வொரு மணி நேரமும் வியாபாரிக்கு நஷ்டம்.

சிலாநத்தம் சிப்காட்டில் வியட்நாம் நாட்டு வின்பாஸ்ட் மின்சார கார் தொழிற்சாலையை முதல்-அமைச்சர் மு.க.ஸ்டாலின் 2025-ம் ஆண்டு ஆகஸ்டு 4-ந் தேதி திறந்தார். குலசேகரன்பட்டினத்தில் ராக்கெட் ஏவுதளத்துக்கு 2024-ம் ஆண்டு பிப்ரவரியில் அடிக்கல் நாட்டினார்கள். இங்கெல்லாம் வரும் வெளிநாட்டு என்ஜினீயர்கள் சென்னையில் இறங்கி மறுபடி விமானம் மாற வேண்டியிருக்கிறது.

திருச்சிக்கு எது பலம்? அரண்மனையா, மலைக்கோட்டையா? இல்லை. சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் போய்வரும் ஜனம்தான் பலம். 2,480 மீட்டர் ஓடுதளத்தை வைத்துக்கொண்டு உள்நாட்டுப் பயணியைவிட வெளிநாட்டுப் பயணியை அதிகம் ஏற்றி இறக்கிய ஊர் அது. ஜனத்தின் தேவை முன்னே போனது. கட்டடம் பின்னே வந்தது. 2024-ம் ஆண்டு ஜனவரியில்தான் அங்கே பெரிய முனையமே திறந்தார்கள்.

டூரிஸ்டு இறங்கினால் எங்கே போவான்?

"சுற்றுலா வளரும்" என்று மேடையில் எல்லோரும் பேசுகிறார்கள். பார்க்க இடம் இல்லாமல் இல்லை.

திருச்செந்தூர் முருகன் கோவிலில் 2025-ம் ஆண்டு ஜூலை 7-ந் தேதி நடந்த கும்பாபிஷேகத்துக்கு லட்சக்கணக்கில் கூட்டம். குலசை தசராவுக்கு வேஷம் கட்டி வரும் கூட்டம் தனி. ஆகஸ்டு 5-ந் தேதி பனிமய மாதா பேராலயத் திருவிழா. மணப்பாடு கடற்கரையில் அலைச்சறுக்கு விளையாட்டு. ஆதிச்சநல்லூர், கொற்கை, எட்டயபுரம், ஓட்டப்பிடாரம், பாஞ்சாலங்குறிச்சி, கழுகுமலை, கயத்தாறு என்று ஊருக்கு ஊர் சரித்திரம். மன்னார் வளைகுடாவில் 21 தீவு. இன்னும் கொஞ்சம் தள்ளிப் போனால் கன்னியாகுமரி.

ஆனால் சாமான்ய ஜனத்தின் கேள்வி வேறு. வாகைகுளம் நிலையம் தூத்துக்குடிக்கும் நெல்லைக்கும் நடுவே ரோட்டோரம் இருக்கிறது. வெளியே வந்த பயணிக்கு டாக்சியைத் தவிர கதி என்ன? விமான நேரத்துக்கு ஏற்ற பஸ் வேண்டும். திருச்செந்தூருக்கு ஒன்று, நெல்லைக்கு ஒன்று, கன்னியாகுமரிக்கு ஒன்று என்று நேராக ஓட வேண்டும். விமானம் தாமதமானால் பஸ்சும் நிற்க வேண்டும். இதற்கு டெல்லி உத்தரவு தேவை இல்லை. போக்குவரத்துக் கழகம் மனசு வைத்தால் போதும்.

வெளியூர்க்காரன் ராத்திரி 10 மணிக்கு இறங்கி டாக்சிக்காரரோடு பேரம் பேசி நொந்துபோனால், அடுத்த தடவை திருவனந்தபுரத்தில்தான் இறங்குவான். கோவில்பட்டி கடலைமிட்டாயும் தூத்துக்குடி மக்ரூனும் விற்கும் கடைக்காரருக்கும் அதனால் நஷ்டம்தான்.

ரெயிலோடு போட்டி

உள்நாட்டு விமானத்துக்கும் போட்டி லேசாக இல்லை. ராத்திரி முத்துநகர் எக்ஸ்பிரசில் ஏறிப் படுத்தால் காலையில் எழும்பூர். லாட்ஜ் வாடகை மிச்சம். 2023-ம் ஆண்டு செப்டம்பர் 24-ந் தேதி முதல் நெல்லையிலிருந்து வந்தே பாரத் ரெயிலும் ஓடுகிறது. சுமார் 8 மணி நேரத்தில் சென்னை. குமாஸ்தாவும் கடைக்காரரும் ரெயிலை விட்டு விமானத்துக்கு வர வேண்டும் என்றால் கட்டணம் இறங்க வேண்டும். பெரிய விமானம் வந்தால் சீட்டுக்கு ஆகும் செலவு குறையும். ஒரே கம்பெனி மட்டும் ஓட்டினால் குறையாது. இரண்டு கம்பெனி மோதினால்தான் குறையும்.

ஆனால் கொழும்புக்கு ரெயில் கிடையாது. துபாய்க்கும் கிடையாது. அங்கே விமானத்துக்குப் போட்டி விமானம்தான். வாகைகுளத்துக்கு உண்மையான பிழைப்பு அந்தப் பக்கம்தான் என்பதற்கு இது ஒரு காரணம்.

வெள்ளம் வந்த அன்று...

விமான நிலையம் பணக்காரர் சமாசாரம் என்று சொல்கிறவர்கள் 2023-ம் ஆண்டு டிசம்பர் 17, 18 தேதிகளை மறந்திருக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டி மீட்டர் மழை கொட்டியது. தாமிரபரணி கரை உடைத்தது. ரோடு போனது; தண்டவாளம் அந்தரத்தில் தொங்கியது. ஸ்ரீவைகுண்டத்தில் செந்தூர் எக்ஸ்பிரசில் சுமார் 800 பேர் தவித்தார்கள். விமானப்படை ஹெலிகாப்டர்தான் மேலிருந்து சாப்பாடு போட்டது.

நிலத்தில் வழி இல்லாதபோது ஆகாயத்தில்தான் வழி. பெரிய ரக சரக்கு விமானம் மருந்தும் படகும் கொண்டுவந்து இறங்க நீளமான ஓடுதளம் வேண்டும். அந்த வகையில் 3,115 மீட்டர் ஓடுதளம் சாமான்ய ஜனத்துக்கும் சொத்துதான். ஆனால் மழை நாளில் ஓடுதளத்துத் தண்ணீர் வடியும் வழியையும், வெளியே போகும் ரோட்டையும் சரியாக வைத்திருந்தால்தான் அந்தச் சொத்து உதவும்.

நிலம் கொடுத்தவர்களுக்கு என்ன?

இன்னொரு கணக்கு பாக்கி இருக்கிறது. 600 ஏக்கர் நிலம் ஆகாயத்திலிருந்து விழவில்லை. சுற்றுவட்டாரக் கிராமங்களில் மழையை நம்பி மானாவாரி வெள்ளாமை செய்தவர்கள், பனை ஏறியவர்கள், ஆடு மேய்த்தவர்கள் இருந்த பூமி அது. பட்டா உள்ளவருக்கு சர்க்கார் பணம் கொடுக்கும். ஆட்டுக்குப் புல் தந்த நிலத்துக்கு யார் பணம் கொடுப்பது?

இந்தக் கிராமத்துப் பிள்ளைகளுக்கு நிலையத்தில் வேலை கிடைக்க வேண்டும். டிராலி தள்ளுவது, கூட்டிப் பெருக்குவது மட்டும் வேலை அல்ல. சுங்கத் தரகு ஆபீஸ், சரக்குக் கிடங்கு, டாக்சி, ஓட்டல், டிக்கெட் கவுன்டர் என்று எத்தனையோ உண்டு. வெளிநாட்டு விமானம் வந்தால் இந்த வேலைகள் பெருகும். வராவிட்டால் காவல்காரர் வேலை மட்டும் மிஞ்சும்.

செய்ய வேண்டியது என்ன?

நடந்ததை எல்லாம் கூட்டிக் கழித்துப் பார்த்தால் வழி தெளிவாகத் தெரிகிறது.

முதலில் சுங்க விமான நிலைய அறிவிப்பு. பாஸ்போர்ட், சுகாதார அதிகாரிகளை முதலில் விமானம் வரும் நேரத்துக்கு மட்டும் போட்டாலும் போதும்.

அடுத்து கொழும்புக்கு ஒரு இந்தியக் கம்பெனி விமானம். தினமும் வேண்டாம், வாரத்துக்கு மூன்று நாள் சிறு விமானம் போதும். பலாலி அப்படித்தான் வளர்ந்தது. ஆள் சேர்ந்ததும் பெரிய விமானம், பிறகு வளைகுடா. ஆரம்பத்தில் சீட் காலியாகப் போனால் அந்த நஷ்டத்தில் ஒரு பங்கை அரசு ஏற்பதற்கும் வழி உண்டு. சிறு ஊர்களுக்கு உள்நாட்டு விமானம் விட மத்திய அரசு அப்படித்தான் உதவி செய்கிறது.

கூடவே பூவுக்கும் மீனுக்கும் குளிர்க் கிடங்கு. வாசலில் பஸ்.

வர்த்தகர்கள் ஒரு பக்கம், எம்.பி.க்கள் ஒரு பக்கம், மாநில அரசு ஒரு பக்கம், மத்திய அரசு ஒரு பக்கம் என்று ஆளுக்கொரு திசையில் இழுத்தால் தேர் நகராது. யார் பெயரால் திறந்தது என்ற சண்டை ஜனங்களுக்குத் தேவை இல்லை. எத்தனை மணிக்கு விமானம், எவ்வளவு டிக்கெட் என்றுதான் அவர்கள் கேட்கிறார்கள்.

கயத்தாறு ஓடுதளம் சண்டைக்காகப் போடப்பட்டது. சண்டை முடிந்ததும் அதற்கு வேலை இல்லை. அதில் தப்பு சொல்ல முடியாது. வாகைகுளம் ஓடுதளம் சண்டைக்காகப் போடப்பட்டது அல்ல. ஜனங்களின் வரிப் பணத்தில், ஜனங்களின் நிலத்தில், ஜனங்கள் போய்வருவதற்காகப் போடப்பட்டது. அதிலும் காற்று மட்டும் ஓடினால் அந்தத் தப்புக்கு யார் பதில் சொல்வது?

"கொழும்புக்கு எப்போ பிளேன்?" என்று கேட்கும் அண்ணாச்சிக்கு தேதி சொல்ல வேண்டியவர்கள் டெல்லியிலும் சென்னையிலும் இருக்கிறார்கள்.